பட்டி இல்லாத விக்கிரமாதித்தன்

என் அக்காள் மகன் மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி கேமை ஆடத் தொடங்கினான். ஒரு சனிக்கிழமை மாலை, மாமாக் உணவுக் கடையில் கட்டி வாங்கிய தே தாரிக் தேநீரோடு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அறையை எட்டிப் பார்த்தால், திரையில் அவனுடைய வீரன் ஒற்றை ஆளாக நின்று காப்ளின் எனும் குட்டிப் பூதங்கள் நாலிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். கூடப் போயிருக்க வேண்டிய கூட்டாளிகள் முகாமில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

"ஏன்டா, இவங்களக் கூட்டிட்டுப் போகலையா?"

"வேணாம் மாமா. எதுக்கெடுத்தாலும் கருத்துச் சொல்றாங்க. நான் தனியாவே முடிச்சிருவேன்."

அது எட்டாவது தடவை என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. மாயாஜால உலகத்தில் நடக்கும் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) கேம்களில் நாம் ஏற்கும் பாத்திரம் ஒன்று. அதற்கு மேல், கேமே நம் தலையில் கட்டும் ஆள்கள் சிலர்: ஒரு மந்திரவாதி, ஒரு பூட்டுத் திறக்கும் திருடன், காயத்துக்கு மந்திரிக்கும் பூசாரி, கோடரி வீசும் முரடி. இவர்களுக்குக் கவசம் வாங்கித் தர வேண்டும், இவர்கள் சொந்தக் கதையைக் கேட்க வேண்டும், வழியில் விழுந்தால் தூக்கிவிட வேண்டும். கதாநாயகன் நாம்தானே, இந்தச் சுமை எதற்கு என்று தோன்றும்.

நம் ஊர்க் கதையில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. விக்கிரமாதித்தனுக்குக் காளி கொடுத்த வரம் ஆயிரம் ஆண்டு அரசாட்சி. அவன் மதிமந்திரி பட்டி வாங்கிக்கொண்டதோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள். எசமான் முன்னால் போய்விட்டால் மிச்ச ஆயிரத்தை வைத்து என்ன செய்வது? பட்டி ஒரு வழி சொன்னான்: ஆறு மாதம் சிம்மாசனத்தில் இரு, ஆறு மாதம் காட்டில் திரி, சிம்மாசனத்தில் இருக்கும் நாள்தானே வரத்தில் கழியும். காடாறு மாதம், நாடாறு மாதம். வாளைத் தொடாமலேயே அரசனின் ஆயுளை இரட்டிப்பாக்கினான் பட்டி, வெறும் கணக்கால்.

கேம்களிலும் கூட்டாளியின் முதல் பயன் இந்த மாதிரிக் கணக்குத்தான். மருமகனுக்கு அதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.

நாலு எதிரிகள். ஒவ்வொருவனும் ஒரே அடியில் விழுவான் என்று வைத்துக்கொள்வோம். நாம்தான் முதலில் அடிக்கிறோம், யார் வீச்சும் தவறாது. தனியாக நின்றால் முதல் சுற்றில் ஒருவன் விழுகிறான், மூவர் திருப்பி அடிக்கிறார்கள். அடுத்த சுற்றில் இருவர் அடிக்கிறார்கள், அதற்கடுத்ததில் ஒருவன். மொத்தம் 6 அடி, ஆறும் ஒரே உடம்பில். இப்போது இன்னொருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே இருவர் காலி. மிஞ்சிய இருவர் அடிக்கிறார்கள். அடுத்த சுற்றில் அவர்களும் இல்லை. மொத்தம் 2 அடி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டால் நம் உடம்பில் விழுவது ஒன்றே ஒன்று. ஆள்பலம் இரண்டு மடங்குதான் ஆனது, நாம் வாங்கும் அடியோ ஆறில் ஒரு பங்காகிவிட்டது. நாலு பேராகப் போனால் எதிரிக்கு முறையே வராது.

உண்மையான கேமில் வீச்சுகள் தவறும், எதிரிகள் முந்துவார்கள், கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. ஆனால் சாய்வு இந்தப் பக்கம்தான். பால்டர்ஸ் கேட் 3 நடப்பது மேஜையில் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவி. ஒரு சுற்றில் ஒரு ஆளுக்கு ஒரு முக்கியச் செயல், ஒரு உதிரிச் செயல், கொஞ்சம் நடை. எவ்வளவு தேறிய வீரனாக இருந்தாலும் எதிரில் நாலு பேர் இருந்தால் அவர்களுக்கு நாலு முறை, அவனுக்கு ஒரு முறை. கவசம் எவ்வளவு தடித்தாலும் இந்த வித்தியாசத்தை மறைப்பது கடினம்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் வேறொன்று. கூட்டாளி ஒன்றுமே செய்யாமல் சும்மா நின்றாலும் சில சமயம் பயன்படுவார். அந்தக் கேமில் அஸ்டாரியன் என்று ஒரு ரத்தக்காட்டேரி இருக்கிறான், தொழில் திருட்டு. அவனுடைய பதுங்கித் தாக்கும் வித்தை பலிக்க ஒரு வழி, அடிபடப் போகிறவனை ஒட்டி நம் ஆள் ஒருவர் நிற்பது. எதிரியின் கவனம் அங்கே சிதறுகிறது என்பது அதன் தர்க்கம். அதே மாதிரி, சில மந்திரங்களை மனத்தை ஒருமுகப்படுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மந்திரவாதியால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு தலை வேண்டும், வேறு வழி கிடையாது. அப்புறம், உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிக் கீழே விழுந்தவரைப் பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்து எழுப்பலாம். தனி ஆள் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மருமகனின் எட்டு தோல்விகளில் பாதியாவது இந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

இந்தப் பயன் இயற்கையில் வருவதல்ல, விதி எழுதுகிறவர் கொடுப்பது. 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில், ஒரு எதிரியைக் கொன்றால் வரும் அனுபவப் புள்ளிகளைக் கூட்டத்தில் இருப்பவர்களுக்குள் பங்கு போட்டுவிடும். ஆறு பேர் என்றால் ஆறு பங்கு. தனியாகப் போகிறவனுக்கு முழுத்தொகை. அதனால் தனி ஆள் சீக்கிரமே பெரிய ஆளாகிவிடுவான். அப்படி ஆடியே பேர் வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். மூன்றாம் பாகத்தில் அந்தப் பங்கு பிரிப்பை எடுத்துவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் முழுசாகக் கிடைக்கிறது. கூட்டாளியைக் கூட்டிப் போவதற்கான அபராதம் போய்விட்டது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தலைமையகம் வைத்திருக்கும் லாரியன் நிறுவனம் இதைச் செய்தது. அதன் கிளைகளில் ஒன்று நம் கோலாலம்பூரிலும் இருக்கிறது, இந்த கேமில் அவர்கள் கையும் உண்டு. மருமகனிடம் சொன்னபோதுதான் முதல்முறையாகத் திரையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

முதல் பாகத்தை நான் ஆடியது பள்ளிக்கூட நாள்களில். ஐந்து சிடிகளில் வந்த கேம் அது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் இந்த சிடியைப் போடு, அந்த சிடியைப் போடு என்று கேட்கும். புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில் மலிவாக வாங்கிய என் தொகுப்பில் ஒரு சிடி கீறல். கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே வெகுகாலம் அந்த உலகத்தில் பாதியில் மட்டுமே சுற்றிக்கொண்டிருந்தேன். போக வழியில்லாததால், இருக்கிற இடத்தில் இருக்கிறவர்களோடு பேசிப் பார்த்தேன். கூட்டாளிகளைக் கவனிக்கத் தொடங்கியது அப்படித்தான், பெரிய ரசனையால் ஒன்றும் இல்லை.

அதற்கும் முன்னால் கூட்டாளிகள் பேசியதே அபூர்வம். 1981-இல் வந்த விசார்ட்ரியில் ஆறு பேர் வரை நாமே உருவாக்கி நிலவறைக்குள் இறங்கலாம். அவர்களுக்குப் பெயர் உண்டு, எண்கள் உண்டு, வாய் கிடையாது. செத்தால் வருத்தம் எண்களுக்காகத்தான். 1985-இல் வந்த அல்டிமா 4 ஒரு அடி முன்னே போனது. அங்கே எட்டு நற்பண்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். நாம் எந்தத் தொழிலோ அது போக மிச்ச ஏழு பேர் ஏழு ஊர்களில் காத்திருப்பார்கள். தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். கூட்டாளி என்பவர் நம்மிடம் இல்லாத குணத்தின் உருவம் என்ற எண்ணம் அங்கே முளைவிட்டது. பேச்சு என்னவோ நாலு வரிதான்.

பேச்சுக்குப் போகும் முன் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கேம் ஆடாதவர்களுக்கு இது விளங்காது, ஆடுகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: இந்த உலகங்களில் நாம் வீரர்கள் அல்ல, காயலான்கடைக்காரர்கள். செத்தவன் செருப்பு வரை கழற்றி எடுத்து, ஊரில் விற்றுக் காசாக்குவோம். எடை வரம்பு உண்டு. ஸ்கைரிமில் (2011) தொடக்கத்தில் 300. அதைத் தாண்டினால் ஓட முடியாது, ஊர்ந்துதான் போக வேண்டும். அங்கே வைட்ரன் நகரத்தின் கோமான் லிடியா என்ற பெண்ணை மெய்க்காப்பாளராகத் தருகிறார். பத்தில் ஒன்பது பேர் அவளைப் பயன்படுத்துவது டிராகன் எலும்பு தூக்கத்தான் என்பேன். மூட்டையைக் கொடுக்கும்போது, உங்கள் சுமையைச் சுமக்கச் சபதம் செய்தவள் நான் என்பாள். சொல்லும் தொனியில் ஒரு சலிப்பு. அந்த ஒரு வரியாலேயே உலகம் முழுக்கப் பிரபலமானாள்.

இதை நேர்மையாகச் செய்த கேம் 2002-இல் வந்த டஞ்சன் சீஜ். எட்டுப் பேர் போகலாம் என்ற அந்தக் கூட்டத்தில், காசு கொடுத்துப் பொதி சுமக்கும் ஒரு கோவேறு கழுதையைச் சேர்த்துக்கொள்ளலாம். கழுதைக்கு ஒரு ஆள் இடம் போகும். அதாவது ஒரு வாளா, ஒரு முதுகா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். டார்ச்லைட் (2009) இன்னும் சாமர்த்தியம். கூட வரும் நாயிடமோ பூனையிடமோ வேண்டாத சாமான்களைக் கொடுத்தால், அதுவே ஊருக்குப் போய் விற்றுக் காசோடு திரும்பி வரும். அது இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் தனியாகச் சண்டை போட வேண்டும், அவ்வளவுதான். நாய் எப்படி விலை பேசியது என்று யாரும் கேட்பதில்லை.

கழுதையையும் நாயையும் லிடியாவையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டேன், வேண்டுமென்றேதான். சண்டைக்கும் சுமைக்கும் மட்டும் என்றால் மனித முகம் தேவையே இல்லை. அப்படியிருக்க, இந்தக் கேம்களை எழுதுகிறவர்கள் ஏன் ஆயிரக்கணக்கான வரி வசனம் எழுதி, நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, செலவு செய்கிறார்கள்? அஸ்டாரியனுக்குக் குரல் கொடுத்த நீல் நியூபன், 2023 கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருதே வாங்கினார். பூட்டுத் திறக்கும் வேலைக்கு இது கொஞ்சம் அதிகம்தானே.

காரணம் கதாநாயகனிடம் இருக்கிறது. இந்த வகை கேம்களில் நாயகன் பெரும்பாலும் ஊமை. அவன் நாம்தான் என்பதால், அவனுக்கென்று ஒரு குரலோ குணமோ எழுதினால் நமக்கு ஒட்டாது. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசுவார்கள், நாயகன் உரையாடலில் வாயே திறப்பதில்லை, அவன் பதில்களை நாம் எழுத்தில் தேர்ந்தெடுப்பதோடு சரி. அப்படியானால் ஒரு கொலையைப் பார்த்து அதிர்ச்சி அடைவது யார்? ஊருக்குள் நுழையும்போது, இங்கேதான் நான் பிறந்தேன் என்று சொல்வது யார்? அந்த வேலை கூட்டாளிகளுக்கு.

நமக்கு இது புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவி தன் காதலைத் தாயிடம் தானே போய்ச் சொல்ல மாட்டாள். தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி நற்றாயிடம் சொல்வாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குத் துறையே வைத்திருக்கிறார்கள். தலைவி வாய் திறக்க முடியாத இடத்தில் தோழிதான் கதையை நகர்த்துகிறாள். கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அவள் வெறும் தூதுக்காரி இல்லை. தழையாடையோடு வந்து நிற்கும் தலைவனை, போய் வா என்று விலக்கி வைக்கிறாள். அது சேட்படை. பரத்தை வீட்டிலிருந்து திரும்பி வந்தவனை வாசலில் நிறுத்தி உள்ளே விட மாட்டேன் என்கிறாள். அது வாயில் மறுத்தல். காலம் கடத்தாதே, கல்யாணம் பண்ணிக்கொள் என்று நெருக்குகிறாள். மறுக்கும் அதிகாரம் இருப்பதால்தான் தோழி பேச்சுக்கு எடை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் அவளும் ஒரு பணிப்பெண்தான்.

கேம்களில் கூட்டாளியின் பயன் முழுமை அடைவதும் அவர் மாட்டேன் என்று சொல்லும் இடத்தில்தான் என்பது என் கணிப்பு. அக்காள் மகன் குறை சொன்ன அதே கருத்துச் சொல்லும் பழக்கம்.

முதல் பால்டர்ஸ் கேட்டிலேயே இது முரட்டுத்தனமாக இருந்தது. தொடக்கத்தில் வழியில் சந்திக்கும் ஸார், மொன்டரான் இருவரும் கெட்டவர்கள். அடுத்த விடுதியில் காத்திருக்கும் ஜாஹீராவும் காலிதும் அந்த ரகம் இல்லை. நாலு பேரையும் சேர்த்துக்கொண்டால், ஒருநாள் நடுவழியில் அவர்களுக்குள்ளேயே வெட்டுக்குத்து. மின்ஸ்க் என்று ஒரு பலசாலி, வெள்ளெலி ஒன்றை வளர்த்து அதனிடம் யோசனை கேட்பவன். அவன் சேரும்போதே தன் எசமானி டைனஹீரை மீட்டுத் தரவேண்டும் என்பான். நாள் கடத்தினால் நம்மீதே பாய்வான். எட்வின் என்ற மந்திரவாதிக்கு அதே டைனஹீரின் உயிர் வேண்டும். நம் நற்பெயர் கூடிக்கொண்டே போனால் கெட்டவர்கள் முகம் சுளித்துக் கிளம்பிவிடுவார்கள், கெட்டுப்போனால் நல்லவர்கள். கிட்டத்தட்ட 25 பேர் இருந்தும் ஆறு பேர் கொண்ட அணியைக் கட்டுவதற்குள் கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களை உட்கார வைக்கிற பாடு படவேண்டும். இரண்டாம் பாகத்தில் (2000) ஆள்களைக் குறைத்துவிட்டு, இருப்பவர்களுக்குப் பேச்சைக் கூட்டினார்கள். இந்தத் துறையில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று அது.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் இந்த மனத்தாங்கலை எண்ணாக்கியது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் நம்மீது ஒரு மதிப்பு, மைனஸ் 100 முதல் 100 வரை. செயலும் பேச்சும் பரிசும் அதை ஏற்றி இறக்கும். மதிப்பு ஏறினால் சண்டையில் அவர்களுக்குக் கூடுதல் பலமும் கிடைக்கும். இது கொஞ்சம் வியாபாரம், ஒத்துக்கொள்கிறேன். பிடித்த பரிசைத் தேடித் தேடிக் கொடுத்து ஆளை மடக்கிவிடலாம். ஆனால் எண்ணுக்கு மடங்காத இடங்களையும் அதில் வைத்திருந்தார்கள். தான் குருவாக மதித்தவர் சாவுக்குக் காரணமான தளபதி லோகெய்னை நாம் மன்னித்து அணியில் சேர்த்துக்கொண்டால், அதுவரை நம் நிழலாக வந்த அலிஸ்டர் போய்விடுவான். எத்தனை பரிசு கொடுத்திருந்தாலும் சரி. அந்த இடத்தில் நம் கையிலிருந்து போவது ஒரு கேடயக்காரன் மட்டுமல்ல. அவன் இடத்தில் அந்த லோகெய்னே கேடயத்தோடு வந்து நிற்பான். சண்டைக் கணக்கில் நட்டமில்லை. இருந்தும் வலிக்கிறது.

கணக்கும் வலியும் ஒரே இடத்தில் விழுந்த உதாரணம் 1997-இன் ஃபைனல் ஃபேன்டசி 7. முதல் சிடி முடியும் இடத்தில் ஏரித் கொல்லப்படுகிறாள். கேம் ஆடியவர்களிடம் இன்றும் அந்தக் காட்சியைச் சொன்னால் முகம் மாறும். அழகான காட்சி என்பது ஒரு காரணம். இன்னொன்று, காயம் ஆற்றுவதற்காக அதுவரை மணிக்கணக்கில் அவளை வளர்த்திருப்போம். அடுத்த சண்டையில் அவள் இடம் காலி. கதை சொன்ன இழப்பை விரல்களும் உணர்ந்துவிடுகின்றன. சினிமாவாலும் நாவலாலும் இதைச் செய்ய முடியாது.

எல்லாம் சரி, கூட்டாளிகள் உயிரை வாங்குவதும் உண்மைதான். லிடியா கதவு நிலையில் நின்றுகொண்டு வழிவிட மாட்டாள். நாம் பூனை மாதிரி பதுங்கிப் போகும்போது பின்னால் வருகிறவர் பொறியை மிதிப்பார். பழைய பால்டர்ஸ் கேட்டில் ஆறு பேரை ஒடுக்கமான சுரங்கத்துக்குள் நடக்கவிட்டால், ஒருவர் வழியை ஒருவர் மறித்து, நாலாவது ஆள் வேறு பாதை இருக்கிறதே என்று காப்ளின் கூட்டத்துக்கு நடுவே தனியாகப் போய் நிற்பார். நெருப்புக்கோளம் வீசினால் எதிரியோடு நம் ஆளும் சேர்ந்து வேகுவார். அதையும் நாமே பார்த்து வீச வேண்டும். ஒரு மனிதனைப் போல நடக்கும் பொம்மையை மனித அறிவில்லாமல் செய்வதன் சங்கடம் இது. தப்பித்துக்கொள்ளச் சிலர் குறுக்கு வழி பிடித்தார்கள். மாயாஜாலக் கேம் இல்லை என்றாலும் சொல்கிறேன், 2013-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸில், நாம் ஒளிந்து போகும்போது கூட வரும் எல்லி எதிரியின் கண்முன்னே ஓடினாலும் எதிரிக்குத் தெரியாது. நம்பகம் போனாலும் பரவாயில்லை, ஆடுகிறவன் அவளை வெறுத்துவிடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சரியான முடிவு.

ஃபைனல் ஃபேன்டசி 12 (2006) எதிர்த்திசையில் போனது. கூட்டாளிக்கு அறிவில்லையா, நீயே எழுதிக் கொடு என்றது. கேம்பிட் என்று பெயர். நம் ஆளில் யாருக்காவது உயிர்ப்புள்ளி பாதிக்குக் கீழே போனால் குணமாக்கு, எதிரி முழு உயிரோடு இருந்தால் முதலில் அவன் பையைத் திருடு, இப்படி ஒவ்வொரு வரியாக அடுக்கிவிட்டால் மேலிருந்து கீழாகப் பார்த்து அவர்களே நடந்துகொள்வார்கள். நிரல் எழுதுவது என்றால் என்னவென்று தெரியாமலேயே எழுதியிருக்கிறோம். குறை ஒன்றுதான், நன்றாக எழுதிவிட்டால் கேம் தன்னைத்தானே ஆடிக்கொள்ளும், நாம் பசியாறப் போய்விட்டு வரலாம்.

டிராகன்ஸ் டாக்மா (2012) செய்ததுதான் விசித்திரம். அங்கே கூட்டாளிகளுக்கு பான் என்று பெயர். ஒருவரை நாமே உருவாக்குகிறோம். இன்னும் இருவரை, எங்கோ வேறு ஊரில் வேறு ஒருவர் உருவாக்கியதை, இரவல் வாங்குகிறோம். நம் பானும் இரவல் போகும். போன இடத்தில் கண்டதைக் கற்றுக்கொண்டு வந்து, இந்த மிருகத்துக்கு நெருப்பு ஆகாது, இந்த வேலைக்கு அந்த வழி என்று நமக்கே பாடம் எடுக்கும். ஓயாமல் பேசும், சொன்னதையே சொல்லும், ஓநாய் தென்பட்டால் ஓநாய்கள் கூட்டமாகத்தான் வேட்டையாடும் என்று நூறாவது முறையும் சொல்லும். ஆனால் எதற்கும் மறுக்காது. பான்களுக்குச் சொந்த விருப்பம் இல்லை என்பது அந்தக் கதையின் அடித்தளமே. 2024-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதைத் தலைகீழாக்கி ஒரு நோயை விட்டார்கள். நோய் தொற்றிய பான் பேச்சு மீறத் தொடங்கும், கட்டளைக்கு முரண்டு பிடிக்கும். நாம் கவனிக்காமல் விடுதியில் படுத்துத் தூங்கினால், விடியும்போது ஊரில் இருந்த ஆள்கள் எல்லாம் செத்துக் கிடப்பார்கள். பணிவை மட்டுமே எதிர்பார்த்துப் பழகியவனுக்கு, முரண்டைக் கவனிக்கத் தெரியவில்லை என்பதற்காகக் கொடுக்கப்பட்ட தண்டனை அது. பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. என் ஊர் எரியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருமகன் கதைக்கு வருகிறேன். தாளில் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு அவன் இறங்கி வந்தான், ஆனால் பாதி மட்டும். பால்டர்ஸ் கேட் 3 முகாமில் விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுக் கிழவர் இருக்கிறார். 100 பொன் கொடுத்தால் ஒரு கூலியாளைத் தருவார். செத்த கூட்டாளியை எழுப்ப 200. கூலியாள் எந்தக் கருத்தும் சொல்ல மாட்டார், எங்கேயும் கோபித்துக்கொள்ள மாட்டார், சொந்தக் கதை கிடையாது. வாள் வீச்சில் மற்றவர்களுக்குக் குறைந்தவரும் இல்லை. மூன்று பேரை வாங்கிக்கொண்டு போனான். காப்ளின்களை முதல் தடவையிலேயே முடித்தான். அடுத்த வாரம் போனபோது கூலியாள்கள் இல்லை, கேமின் பழைய கூட்டாளிகளான ஷேடோஹார்ட்டும் லேசெலும் கார்லாக்கும் கூட நடந்தார்கள்.

"என்னடா ஆச்சு?"

"போர் அடிக்குது மாமா. யாரும் ஒண்ணும் பேசல."

சண்டைத் திறன் சமமாக இருக்கும்போது மனுஷன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரியாது. இவனே முன்பு எல்டன் ரிங் (2022) ஆடியபோது, நான் யார் உதவியும் வாங்க மாட்டேன் என்று பெருமையடித்தவன். நோண்டிக் கேட்டதில், பெரிய அரக்கர்கள் வரும் இடத்தில் எல்லாம் மிமிக் டியரை அழைத்திருக்கிறான். அது நம்மைப் போலவே உருவமும் ஆயுதமும் எடுத்து வந்து சண்டை போடும் ஆவி. அரக்கன் அதன்பக்கம் திரும்பினால் நாம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். உதவி வாங்கினான், தன்னிடமே வாங்கினான்.

காவடிக்குக்கூட அவன் தனியாகப் போகவில்லை. போன தைப்பூசத்தில் பத்துமலை வரை நடந்தபோது முக்காலி தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது நான். 272 படியில் எத்தனை இடத்தில் அதைப் போடச் சொன்னான் என்பது எங்களுக்குள் இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து, இரவு பன்னிரண்டரை இருக்கும், வாட்ஸ்அப் வந்தது. கார்லாக் போயிட்டா மாமா, திரும்ப எப்படிக் கூப்பிடுறது? கார்லாக் நரகத்தில் போருக்கு அடிமையாகக் கிடந்துவிட்டு, நெஞ்சில் இதயத்துக்குப் பதிலாக ஒரு எரியும் எந்திரத்தோடு தப்பி வந்தவள். யாரையும் தொட முடியாது, தொட்டால் பொசுங்கிவிடுவார்கள். அப்படியும் அந்தக் கூட்டத்திலேயே கலகலப்பானவள் அவள்தான். என்னடா செய்தாய் என்று கேட்டேன். மின்தாரா என்ற தளபதி அகதிகள் ஒளிந்திருக்கும் தோப்பைத் தாக்கச் சொன்னாளாம், நல்ல ஆயுதம் கிடைக்கும் என்று போய்த் தாக்கினானாம்.

கூப்பிட முடியாது என்று எழுதினேன். நீலக் கோடு விழுந்தது. கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, வில்லும் போயிட்டான் என்று ஒரு வரி. வில் என்பவன் இன்னொரு கூட்டாளி.

காலையில் அக்காள் போன் செய்தாள். பையன் ராத்திரி தூங்கவே இல்லை, ஏதோ பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போனானாம், பதினொரு மணி நேரம் ஆடியதெல்லாம் வீணாம், மறுபடி முதலிலிருந்து என்று உட்கார்ந்திருக்கிறானாம்.

"தோப்பைக் காப்பாத்தணுமாம்," என்றாள். "நமக்கு ஏதுடா தோப்பு?"